ஆயிரத்தெட்டு

எட்டு மில்லிமீட்டரா ஆறா என்று கேட்டார்
திருத்துறைப்பூண்டி கண்ணாடிக்கடை சவரிராஜன்.
ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்.
நாற்பத்திரண்டு லிட்டர்.
ஆறே தாங்கும்க்கா, அலமாரிக்குத்தானே?
கடலுக்கு, என்றேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
எட்டையே அறுத்தார்.

சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கக் கூடாது.
குளியலறைக்கென்று விற்பது அந்த ரகம்.
குழாயின் முதுகைத் திருப்பித் திருப்பி
நான் எழுத்துக்கூட்டியதில் அவருக்கு எரிச்சல்.
நல்ல பசை வினிகர்போல் நெடியடிக்கும்,
காய்ந்தால் மறந்துவிடும்.
மறுநாள் தலைஞாயிறு அஞ்சலகத்தில்
முத்திரை குத்திய விரல்களில் அது இன்னும் மறக்கவில்லை.

பித்தளை வேண்டாம்.
செம்பு ஒரு சொட்டு கரைந்தால் போதும், இறால் மல்லாந்துவிடும்.
எவர்சில்வர் என்பதெல்லாம் பெயருக்கு.
இந்த ஊரில் கதவுக் கொண்டிகள்
எத்தனை வயதில் சாகின்றன என்று எனக்குத் தெரியும்.

மணலுக்கு அலைந்தேன்.
அரிச்சந்திரா நதியில் ஒரு பிடி அள்ளி
வினிகர் சொட்டினேன்.
அது பொய் சொல்லவில்லை:
நுரைக்கவில்லை, சுண்ணாம்பு இல்லை.
காளவாய்க்காரர் கொடுத்த சிப்பித்தூள்
ஒரே சொட்டில் சீறியது.
சாக்கு நிறைய நாற்பது ரூபாய்.

பவளப்பாறை எடுத்தால் ஜெயில்.
ஆகவே பாறையை நானே பிசைந்தேன்:
சிமெண்ட் ஒரு பங்கு, சிப்பி மூன்று,
வேதாரண்யம் கல்லுப்பு இரண்டு.
உப்பு, பொந்துகளுக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு
ஊறும்போது எழுந்து போய்விடும்.
சிமெண்டின் காரம் சாக ஒரு மாதம்,
தினம் ஒரு வாளி மாற்று.

அந்த வாளியைப் பார்த்துத்தான் அறிவொளி கேட்டான்.
என் தம்பி.
அடப்பாற்றில் ஷட்டர் உடைந்து
கடல் மேலேறி வந்த வருஷத்திலிருந்து
விதை தொடாதவன்.
"ஒம்பது மா உப்பேறிக் கெடக்கு.
நீ காசு குடுத்து உப்பு வாங்குற."
கொஞ்சம் கழித்து:
"நம்ம போர்த்தண்ணிய ஊத்திக்கயேன்.
சும்மாதானே கெடக்கு."

தபாலில் வந்த கருவியோடு வயலுக்குப் போனோம்.
பெயர் நீளம், உருவம் ஒரு சாண்.
கண்ணாடிமேல் ஒரு சொட்டு, மேலே மூடி,
வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால்
உள்ளே பாதி நீலம், பாதி வெள்ளை.
ஆயிரத்தெட்டு, என்றேன்.
"அதான் தெரியுமே, ஆயிரத்தெட்டுப் பிரச்சின."
இல்லடா, அளவு.
கடலுக்கு ஆயிரத்து இருபத்தைந்து வேணும்.

அவன் கருவியை வாங்கினான்.
நெல்லைக் கொன்ற தண்ணீர்
ஒரு விரல்நீள மீனுக்குப் போதவில்லை.
இதை நான் சொல்லவில்லை.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
வரப்பில் நெடுநேரம் நின்றான்.
"இதுல எது உப்பு, நீலமா வெள்ளையா?"
ரெண்டும் இல்ல, கோடு.
"கோடா," என்றான்.

கசிவு பார்க்க எந்தத் தண்ணீரும் ஆகும்.
மூன்று குடம் அவனே சுமந்தான்.
கூடவே பழைய மோட்டாரின் குழாய்,
பித்தளை வால்வை ரம்பத்தால் அறுத்து நீக்கியது.
அறுத்த வாயைப் பிசிறில்லாமல் தேய்த்துமிருந்தான்.
நான் கேட்கவில்லை.

பழைய தினசரியை விரித்து
அதன்மேல் தொட்டியை வைத்தோம்.
காலையில் மாவட்டச் செய்திகளின் ஓரத்தில்
ஐம்பது காசு அகலத்துக்கு ஈரம்.
ராத்திரி தூறல், கூரை ஒழுகியிருக்கும், என்றான்.
விரலை ஒற்றி நாக்கில் வைத்தேன்.
அவனும் வைத்தான்.

கரித்தது.
இடது பின்மூலை.
ஒன்றும் பேசாமல்
பிளேடு எடுத்துவரப் போனான்.